முகம் பார்த்து வாங்கும் வெற்றிலை, பெயர் பார்த்து வாங்கும் சவர்க்காரம்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுதாவளையின் மணற்பாங்கான தோட்டங்களில் பறிக்கப்படும் வெற்றிலைக்குப் பெயர்ச்சீட்டு கிடையாது. வாங்க வருபவர் கட்டைக் கையில் எடுக்கிறார். இலையின் அகலத்தையும் தடிப்பையும் பார்க்கிறார். காம்பு வாடியிருக்கிறதா, விளிம்பு கறுத்திருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறார். வேண்டுமானால் நுனியைக் கிள்ளி மென்று காரத்தையும் அறிந்துகொள்கிறார். விற்பவர் இதைத் தன்மேல் கொண்ட சந்தேகமாக எடுத்துக்கொள்வதில்லை. நேற்று நல்ல இலை தந்தவர் இன்றும் நல்ல இலைதான் தருகிறாரா என்பதை இன்றைய கட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பது இருவருக்கும் தெரியும். அதே ஆள் கல்முனை வீதியோரப் பலசரக்குக் கடைக்குள் நுழைந்ததும் இந்தப் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுகிறார். சன்லைட், அங்கர், மலிபன், சிக்னல் என்று பெயரைச் சொன்னால் போதும். பொருள் கைக்கு வந்துவிடும். அதைத் திருப்பிப் பார்ப்பாரும் இல்லை, முகர்ந்து பார்ப்பாரும் இல்லை. பரிசோதிக்கும் வேலையிலிருந்து நமக்குக் கிடைத்த விடுதலைக்குத்தான் வர்த்தகப் பெயர் என்று பெயர். ஆனால் நாம் பார்ப்பதை நிறுத்திய இடத்தில், செய்பவருக்கு மாற்றுவதற்கான இடம் பிறக்கிறது. ‘முந்தி மாதிரி இல்லை’ என்று வீடுதோறும் கேட்கும் முறைப்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. அந்த முறைப்பாடு முழுவதும் உண்மையல்ல. முழுவதும் மனப்பிரமையும் அல்ல. பொருள் மாறியது என்பதைவிட, மாறியது சொல்லப்படவில்லை என்பதே இதில் உள்ள உண்மையான அநீதி என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை இங்கே எடுத்து வைக்கிறேன்.

முதலில் நினைவின் பங்கைக் கழித்துவிட வேண்டும்; அது சிறிய பங்கல்ல. 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலத்தில் பாணுக்கும் துணிக்கும் கூட்டுறவுக் கடை வாசலில் வரிசை நின்றது. 1977இல் சந்தை திறக்கப்பட்டபோது வெளிநாட்டுப் பெயர் தாங்கி வந்த எந்தப் பொருளும் உயர்ந்த பொருளாகவே தோன்றியது. பின்னர் போர் வந்தது. 1990களில் வடக்குக்குப் பற்றரி முதலான பல பொருட்கள் தடைசெய்யப்பட்டன; மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குப் போகும் சாமான்களும் சோதனைச் சாவடிகளில் கட்டுப்படுத்தப்பட்டன. அரிதாய்க் கிடைத்த ஒரு கட்டிச் சவர்க்காரம், பாதி வெட்டிப் பாதியைப் பத்திரப்படுத்திய அந்தக் கட்டி, நினைவில் தன் தரத்தைவிட உயர்ந்து நிற்பது இயல்பு. இன்னொரு பிழையும் உண்டு. ஐம்பது வருடமாக ஓடும் தையல் மெசினைக் காட்டி ‘அந்தக் காலத்துச் சாமான்’ என்கிறோம். அதே காலத்தில் வாங்கி ஐந்தாம் வருடமே உடைந்த சாமான்கள் பழைய இரும்புக்காரரின் வண்டியில் போய்விட்டன. அவற்றைக் காட்ட இப்போது எதுவும் வீட்டில் இல்லை. வயதோடு நாக்கும் மூக்கும் மங்குகின்றன. தண்ணீரும் ஒரு காரணம்: கல்சியமும் மக்னீசியமும் கூடிய கடினநீரில் எந்தச் சவர்க்காரமும் நுரைக்க மறுக்கும், வெண்கசடாய்ப் படியும். கடற்கரையோரக் கிணறு கோடையில் உவர்ப்பேறினால், குற்றம் கட்டியின்மேல்தான் விழும். கூரைத்தகட்டின் கீழ் வெயிலில் வெந்து, கடற்காற்றில் ஈரம் வாங்கிய பிஸ்கட் தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டபோது இருந்த பிஸ்கட் அல்ல. போலிச் சரக்கின் கெடுதலும் அசல் பெயரின் கணக்கிலேயே எழுதப்படுகிறது.

இத்தனையையும் கழித்த பிறகும் கணிசமாக ஒரு மீதி இருக்கிறது. அதை எடைபோடச் சவர்க்காரத்தை விடச் சிறந்த பொருள் இல்லை, ஏனென்றால் அதன் தரத்தை ஒரே எண்ணில் பெருமளவு சொல்லிவிடலாம். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சவர்க்காரம். ஒரு கட்டியில் கொழுப்பிலிருந்து வந்த பங்கு எவ்வளவு என்பதை ‘மொத்தக் கொழுப்புப் பொருள்’ என்று நூற்று வீதத்தில் அளக்கிறார்கள். மீதி நீர், உப்பு, வாசனை, அவற்றோடு நிரப்புப் பொருட்கள்: டல்க் தூள், வெண்களி, சிலிக்கேற்று போன்றவை. இந்திய நியமத்தின்படி முதல்தர மேனிச் சவர்க்காரத்தில் கொழுப்புப் பங்கு 76 வீதமாவது இருக்க வேண்டும். இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. அதற்கும் கீழே ‘பாதிங் பார்’ என்று ஒரு தனி வகை இருக்கிறது. அதற்கு 40 வீதம் போதும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் இவ்விரு வகைகளுக்கும் வெவ்வேறு நியமங்களை வைத்திருக்கிறது. கடையில் இரண்டும் ஒரே தட்டில், ஒரே பருமனில், ஒரே மணத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. உறையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் வகைப்பெயரைத் தவிர வேறு அடையாளம் இல்லை. கொழுப்பு குறைந்த கட்டி சவர்க்காரப் பெட்டியில் தேங்கிய நீரில் விரைவாய்க் குழைந்து கரைகிறது. வீட்டுக்காரர் ‘இப்பவெல்லாம் கட்டி நிக்கிறதில்லை’ என்கிறார். அவர் சொல்வது கற்பனையல்ல. ஆய்வுகூடம் எண்ணில் சொல்வதை அவர் தன் மொழியில் சொல்கிறார். ஒரு பெயர் இந்த ஏணியில் ஒரு படி கீழே இறங்கும்போது பெயரும் நிறமும் மாறத் தேவையில்லை. பின்புறத்துச் சொல் மட்டும் மாறினால் சட்டம் திருப்தியடைந்துவிடும்.

ஏன் இறங்குகிறார்கள் என்று கேட்டால் எண்ணெயின் விலையில்தான் பெரும்பாலும் விடை கிடைக்கும். நல்ல நுரை தருவது தேங்காயெண்ணெய், அல்லது பாம் விதையெண்ணெய். கட்டிக்கு இறுக்கம் தருவது பாம் எண்ணெய் போன்ற கொழுப்பு. கொப்பறா விலை ஏறினால் கலவை அசையும். 2021 ஏப்ரலில் இலங்கை அரசு பாம் எண்ணெய் இறக்குமதியைத் தடைசெய்தது. பின்னர் தொழிற்சாலைகளுக்கு அனுமதிப்பத்திர முறையில் தளர்வு வந்தது. பிஸ்கட், மாஜரின், சவர்க்காரம் மூன்றும் அந்த ஒரே எண்ணெயில் சாய்ந்திருந்தவை. அடுத்த வருடமே ரூபாய் சரிந்தது: டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்தது சில வாரங்களில் 360ஐத் தொட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். அப்படியொரு வருடத்தில் பழைய கலவையை அப்படியே வைத்திருந்த உற்பத்தியாளர் எவராவது இருந்தால் அது வியப்புக்குரியது. இது நம் தீவுக்கு மட்டும் உரிய கதையுமல்ல. கொக்கோவின் விலை 2024 டிசெம்பரில் தொன்னுக்கு 12,000 டொலரைத் தாண்டியது. 2025இல் பிரித்தானியாவில் பெங்குவின், கிளப் என்ற பழம்பெயர்ப் பிஸ்கட்டுகள் ‘சொக்லேட்’ என்ற சொல்லை இழந்து ‘சொக்லேட் சுவை’ ஆயின, ஏனென்றால் சட்டம் கேட்கும் அளவு கொக்கோ அவற்றில் இல்லை. அங்கே அந்தச் சொல்லை மாற்றச் சட்டம் கட்டாயப்படுத்தியதால்தான் ஊருக்குத் தெரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

கலவையை மாற்ற முடியாத பொருளில் எடை குறைகிறது. இதை விளங்கிக்கொள்ள நம்மிடம் ஒரு நல்ல சொல்லே இருக்கிறது: ஒரு றாத்தல் பாண். றாத்தல் என்பது ஏறக்குறைய 454 கிராம். அளவை முறை மாறி எவ்வளவோ காலம் ஆகியும் பாணை அந்தப் பழைய எடையின் பெயராலேயே அழைக்கிறோம். பெயருக்குள்ளேயே வாக்குறுதி இருக்கிறது. ஆனால் பாண் சிறுத்துப்போனது என்ற முறைப்பாடு வலுத்து, 2024இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225 கிராம் என்று வர்த்தமானி மூலம் வரையறுக்க வேண்டி வந்தது. பொதிசெய்த பொருட்களுக்கு அப்படிப் பெயரில் எடை இல்லை. இந்தியாவில் பார்லே-ஜி பிஸ்கட்டின் சிறு பொதி நெடுங்காலம் ஒரே விலையில் நின்றது. 100 கிராமாக இருந்த பொதி படிப்படியாய்ச் சிறுத்து 55 கிராமளவுக்கு வந்தது. பிரித்தானியப் புள்ளிவிபரத் திணைக்களம் 2012 முதல் 2017 வரை எண்ணியபோது 2,529 பொருட்கள் அளவில் சுருங்கியிருந்தன. மறுபுறம் பால்மாவைப் பாருங்கள். 400 கிராம் பொதி 2021இல் 380 ரூபாயளவில் இருந்தது. 2022 மார்ச்சில் 790 ரூபாய். வலித்தது, ஆனால் வெளிச்சத்தில் வலித்தது. 400 கிராம் 400 கிராமாகவே இருந்ததால், எவ்வளவு இழந்தோம் என்று ஒவ்வொரு வீடும் கணக்குப் போட முடிந்தது. குறைத்துவிட்டு மறைப்பதைவிட விலையை உயர்த்திச் சொல்வது நேர்மை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. சிறு பொதியில் நடக்கும் சுருக்கம் யாரைத் தாக்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கூலி கிடைத்த அன்று ஷாம்பூவையும் சலவைத்தூளையும் பைக்கற்றாய் வாங்குபவர் கிராமுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு வாங்குவதில்லை; கையில் இருக்கும் தாளுக்கு என்ன வரும் என்றுதான் வாங்குகிறார். ஷாம்பூவைச் சிறு பைக்கற்றில் அடைத்து ஏழை வீட்டுக்குக் கொண்டுபோன வழியை முதலில் திறந்தவர்களில் ஒருவர் கடலூரின் சின்னி கிருஷ்ணன் என்பது தமிழருக்குப் பெருமையான செய்திதான். அந்த வழியில் விலை நிலைத்து நிற்பதால், குறைவதற்கு எஞ்சியிருப்பது உள்ளடக்கம் மட்டுமே.

பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆளே மாறிவிடுவதும் உண்டு. சிங்கர் 1877இல் இலங்கைக்கு வந்தது. அதன் வார்ப்பிரும்பு மெசின்களில் பெரும்பகுதியை உலகுக்கு அனுப்பிய ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. இலங்கைச் சிங்கர் 2017இல் ஹேலீஸ் குழுமத்தின் கைக்கு வந்தது. இன்று அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் குளிர்சாதனப் பெட்டியும் தொலைக்காட்சியும் விற்பனையாகின்றன. ஹோர்லிக்ஸ் கிளாக்சோ நிறுவனத்திடமிருந்து யூனிலீவருக்குப் போனது. 1886இல் நியூசிலாந்தில் பிறந்த அங்கர் என்ற பெயர், பால்பண்ணையாளர் கூட்டுறவான ஃபொன்டெராவிடம் இருந்தது. அந்தக் கூட்டுறவு தன் நுகர்வோர் வணிகத்தை, இலங்கைப் பிரிவோடு சேர்த்து, பிரான்ஸின் லக்டலிஸ் நிறுவனத்துக்கு விற்க 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. கைமாறினால் தரம் கெடும் என்று நான் சொல்லவில்லை, கூடவும் செய்யலாம். அம்மா வாங்கினார், ஆகவே நானும் வாங்குகிறேன் என்ற தொடர்ச்சி, கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் தெரியாமல் இடையில் அறுந்து வேறொரு கயிற்றோடு முடிச்சிடப்படுகிறது என்பதையே சொல்கிறேன். தாய் கொடுத்த நம்பிக்கை கணக்குப் புத்தகத்தில் ஒரு சொத்தாக எழுதப்பட்டு விலை போகிறது. அந்த நம்பிக்கையைக் கொடுத்த வீடுகளுக்கு ஒரு வரி அறிவிப்பும் வருவதில்லை.

இத்தனை மாற்றமும் எப்படி எதிர்ப்பின்றி நடந்தேறுகிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேர்மனிய அறிஞர் ஏர்ன்ஸ்ட் வேபர் கண்டது இங்கே உதவும்: ஒரு வேறுபாட்டை நாம் உணர்வது அதன் அளவைப் பொறுத்ததல்ல, ஏற்கனவே இருப்பதற்கும் அதற்கும் உள்ள விகிதத்தைப் பொறுத்தது. நூறு கிராமில் மூன்று கிராம் குறைந்தால் கை அறியாது. அடுத்த வருடம் இன்னும் மூன்று. புதிய கலவையைச் சுவைத்துப் பார்க்கும் குழு அதைத் தற்போதைய கலவையோடுதான் ஒப்பிடுகிறது, இருபது வருடம் முந்தியதோடு அல்ல. அந்தப் பழையது ஒப்பிடக் கிடைப்பதும் இல்லை. ஒவ்வொரு படியிலும் ‘வேறுபாடு தெரியவில்லை’ என்ற தீர்ப்பு உண்மையாகவே கிடைக்கிறது. பத்துப் படிகளுக்குப் பிறகு மேலும் கீழும் வெவ்வேறு பொருட்கள். எவரும் கெடுக்க எண்ணாமலேயே ஒரு பொருள் கெடக்கூடும் என்பதுதான் இதில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது. இதற்கு மேல் பொருளியல் அறிஞர் ஜோர்ஜ் அக்கலொவ் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் தர்க்கமும் சேர்கிறது: விற்பவருக்குத் தரம் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாதிருந்தால், நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காமல் அது சந்தையை விட்டு விலகும். வர்த்தகப் பெயர்கள் இந்த நோய்க்கு மருந்தாய் வந்தவை. மருந்தின் பெயரே வெற்றுப் பெயராகும்போது நோய் திரும்பி வருகிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் மிக வலுவானது, மாற்றம் நன்மைக்காகவும் நடக்கிறது என்பது. இது முழு உண்மை. இலங்கையில் சர்க்கரை சேர்ந்த பானங்களுக்கு 2016 ஆகஸ்டில் சிவப்பு, மஞ்சள், பச்சை அடையாளம் கட்டாயமானது. 2017 நவம்பரில் சர்க்கரையின் கிராமுக்கு வரி வந்தது. எலிபன்ட் ஹவுஸ் முதலான நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்தன. நாக்கு அதைத் தரக்குறைவு என்றது. நீரிழிவு பெருகிய நாட்டில் உடல் அப்படிச் சொல்லாது. மாஜரினிலிருந்து மாறுகொழுப்பை நீக்கியதும் அவ்வாறே. 1890களில் பிறந்த லைஃபோயின் காரமான கார்போலிக் மணத்தை இன்றும் பலர் ஏங்கி நினைக்கிறார்கள். 2002இல் இந்தியாவில் அந்தக் கலவை கைவிடப்பட்டது. பீனோல் தோலை எரிக்கக்கூடியது என்பதை அந்த ஏக்கம் மறந்துவிடுகிறது. பழையது என்பதாலேயே நல்லதென்று வாதிடுவது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. ஆனால் சர்க்கரை குறைந்த கதையில் ஒன்றைப் பாருங்கள்: நிற அடையாளமும் வரியும் பொதுவில் பேசப்பட்டன, மாற்றத்தின் காரணம் பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்தது. ஆகவே நல்ல மாற்றத்தையும் கெட்ட மாற்றத்தையும் பிரித்தறிய மக்களால் முடியும், சொன்னால்.

பிடிக்காவிட்டால் வேறொன்றுக்கு மாறலாமே, போட்டி இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. நகரத்துப் பேரங்காடிக்கு இது ஓரளவு பொருந்தும். கிராமத்துக் கடையின் தட்டில் நிற்பது விநியோக லொறி கொண்டுவரும் இரண்டு மூன்று பெயர்கள். எண்ணெய் விலை ஏறினால் அந்த மூன்றும் ஒரே திசையில்தான் நகரும். ஓடிப் போய்ச் சேர வேறு கரை இல்லை. போட்டியாளர்கள் கூடிப் பேசிக்கொண்டதற்கும் வரலாறு உண்டு: 1924இல் ஒஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் ஜெனீவாவில் உடன்பட்டு, மின்குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலமாகக் குறைத்தன, அதைவிட நீண்ட நேரம் எரிந்த குமிழுக்கு அபராதமும் வைத்தன. ஆயுள் குறைந்த குமிழ் சற்றுப் பிரகாசமாய் எரிந்தது என்ற நியாயமும் அவர்களிடம் இருந்தது. வாங்கியவரிடம் எது வேண்டுமென்று கேட்கப்படவில்லை. மேலும், மாறுவதற்கு முதலில் வேறுபாடு தெரிய வேண்டும். பிஸ்கட்டின் மொறுமொறுப்பை நாக்கு அறியும். பால்மாவுக்குள் என்ன இருக்கிறது என்பதை எந்த நாக்கும் அறியாது. 2013 ஆகஸ்டில் நியூசிலாந்துப் பால்மாவில் டிசிடி என்ற இரசாயனம் பற்றிய அச்சம் எழுந்து இங்கே விற்பனை தடைப்பட்டபோது, எந்தத் தாயாலும் பொதியைத் திறந்து பார்த்து முடிவு சொல்ல முடிந்திருக்காது.

மூன்றாவது மறுப்பை நான் மதிக்கிறேன்: மலிவான பொருள் ஏழைக்குத் தேவை, 76 வீதக் கட்டியை வாங்க முடியாதவருக்கு 40 வீதக் கட்டி எதுவுமில்லாததைவிட மேல். ஆம். குறைந்த தரம் குற்றமல்ல. களுதாவளைத் தோட்டத்திலும் பெரிய இலைக்கு ஒரு விலை, சிறிய இலைக்கு ஒரு விலை. சிறிய இலையை வாங்குபவர் ஏமாறுவதில்லை, ஏனென்றால் அது சிறிய இலை என்று அவருக்குத் தெரியும். கட்டின் மேலே பெரிய இலையை வைத்து உள்ளே சிறியதை அடுக்குவதுதான் குற்றம். பழைய பெயரின் புகழை மேலே வைத்து, உள்ளே புதிய கலவையை அடுக்குவது அதிலிருந்து எப்படி வேறுபடும் என்று யாராவது எனக்கு விளக்க வேண்டும். மலிவான வகை தேவையென்றால் அதற்கு வேறு பெயர் வைக்கலாம். வேறு உறை நிறமாவது கொடுக்கலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. நியமங்களை வகுக்கும் நிறுவனம் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது; பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 2003இன் 9ஆம் இலக்கமாக வந்தது. எடை, விலை, திகதி அச்சிடப்படுகின்றன. ஆனால் இவை அனைத்தும் இன்றைய பொதியை நியமத்தோடு ஒப்பிடுபவை. நேற்றைய பொதியோடு ஒப்பிடுபவை அல்ல. பிரான்ஸ் 2024 ஜூலை முதல், அளவு குறைந்து விலை குறையாத பொருளின் அருகே அதை எழுதி வைக்கும்படி பெரிய கடைகளைக் கட்டாயப்படுத்துகிறது. இங்கே அதைவிட எளிதாகவே தொடங்கலாம். எடை மாறினால் ஆறு மாதத்துக்குப் பழைய எடையும் புதிய எடையும் உறையின் முன்புறத்தில் அருகருகே நிற்கட்டும். சவர்க்காரத்தின் கொழுப்பு வீதம் வகைப்பெயருக்குள் ஒளியாமல், பானத்தின் சர்க்கரை போலப் பெரிய எண்ணில் வரட்டும். முக்கிய மூலப்பொருள் மாறினால் ‘கலவை மாற்றப்பட்டது’ என்ற ஒரு வரி, மாதமும் வருடமும் சேர்த்து, வாசிக்கத்தக்க தமிழிலும் இருக்கட்டும். பாணுக்கு 450 கிராம் என்று எழுத முடிந்த வர்த்தமானியில் இதற்கும் இடம் இருக்கிறது. இன்று குறித்த விலையைவிடக் கூட்டி விற்றால் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். காலாவதியான பொருளை விற்றாலும் முறையிடலாம். முப்பது வருடம் வாங்கிய கட்டி இப்போது வேறு கட்டியாகிவிட்டது என்று அதே இலக்கத்துக்கு அழைத்தால், மறுமுனையில் இருப்பவர் எவ்வளவு அக்கறையோடு கேட்டாலும், மீறப்பட்ட விதி என்று எழுதிக்கொள்ள அவரிடம் எதுவும் இல்லை.